பதினேழாவது பொம்மை

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மதியம் நேசம்மாள் மாமியின் சாய்ப்பில் இருந்தவர்கள்:

ஷிபின். மேற்குத் தெரு இளைஞர் மன்றத்தின் செயலாளர். வேலை செய்யப் போகிறவன் போல வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். செய்யவில்லை.

அஸ்வதி. டீக்கடை முத்துக்கனியின் மகள், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் கிறிஸ்மஸ் குடிலில் இருந்த எல்லா வயரும் அவள் இழுத்தது.

நேசம்மாள் மாமி. வீட்டை ஒட்டிய இந்த ஓலைச் சாய்ப்பு அவருடையது. விறகையும் ஓலையையும் ஒதுக்கி எங்களுக்கு இடம் கொடுத்தவர். அடிக்கடி வந்து எதையாவது தொட்டுவிட்டு, 'இது என்னது' என்று கேட்பார்.

கம்ப்யூட்டர் ஒன்று. பங்குக் கோயில் நூலகம் கழித்துப் போட்டது. சூடு தாங்காது என்பதால் மூடியைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேன் வைத்திருந்தோம்.

குழந்தை ஏசு. தினத்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள். நடுச்சாமப் பூசை முடிந்த பிறகுதான் அவரை வெளியே எடுப்போம்.

நான். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்து, போதும் என்று தோன்றிய ஒரு நாளில் பஸ் ஏறி வந்துவிட்டவன். ஊரில் எனக்கு இப்போது வேலை இல்லை. ஆனால் 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்' என்று ஒரு பட்டம் இருக்கிறது. பட்டத்துக்குச் சம்பளம் கிடையாது.

சாய்ப்புக்கு முன்னால், மாமியின் முற்றத்தில், குடில் நின்றது.

புதுக்கடையிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரே கோயில், இரண்டு தெரு. அதனால் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இரண்டு குடில், ஒரு போட்டி. குடிலுக்கு வசூல் கிடையாது. தெருவில் முடிந்த வீடுகள் ஆளுக்கொரு பொம்மை கொடுக்கும். கொடுத்த பொம்மை அசைய வேண்டும். அசையாத பொம்மையின் வீட்டுக்காரர் அடுத்த வருடம் வரைக்கும் மன்றத்துப் பையன்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். எங்கள் குடிலில் மாதாவும் சூசையப்பரும் மூன்று ராஜாக்களும் மட்டுமல்ல, சேவல், பசு, கழுதை எல்லாம் இருந்தன. முத்துக்கனி அண்ணன் தன் பங்காக டீ ஆற்றும் மனிதன் ஒருவனைக் கொடுத்திருந்தார். பெத்லகேமில் டீக்கடை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவர் கடையில் எல்லோருக்கும் பற்று இருந்தது.

இந்த வருடப் போட்டியில் ஒரு பந்தயமும் சேர்ந்துகொண்டது. கிழக்குத் தெருச் செயலாளர் பெனினும் ஷிபினும் கோயில் மைதானத்தில், ஊரறிய, கைகொடுத்துச் சொன்னது: தோற்ற மன்றத்தின் செயலாளர் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கட்டி, ஜெயித்த மன்றத்தின் கேரல் ரவுண்ட்ஸில் முன்னால் ஆடிக்கொண்டு போக வேண்டும். எல்லா வீட்டு முற்றத்திலும்.

எல்லா வீடு என்றால் மரியானின் வீடும்தான். மரியானின் மகள் லிஜியைக் கட்டிக்கொள்ள ஷிபின் ஆசைப்பட்டான். லிஜிக்குச் சம்மதம். மரியான் மட்டும் ஒரு வருடமாக, "பய வெளையாட்டுப் பய. பாப்போம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சுத் தாடியும் தலையணை வயிறுமாக அவர் முற்றத்தில் குதித்தால் அந்தப் 'பாப்போம்' என்ன ஆகும் என்பது ஷிபினுக்குத் தெரியும். கைகொடுக்கும்போது அவன் அதை யோசிக்கவில்லை.

பொம்மைகளை ஆட்டும் மென்பொருள் நான் தேடிப் பிடித்தது. பொம்மலாட்டக்காரர்களுக்காக யாரோ எழுதி, மூலநிரலை இலவசமாகப் பொதுவில் விட்டிருந்தார்கள். நிரல் மட்டும்தான் கிடைக்கும். அதை ஓடுகிற புரோகிராமாக அவரவர் மெஷினில் அவரவர் கம்பைல் செய்து கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் அஸ்வதியின் புது லாப்டாப்பில் கட்டி, பென்டிரைவில் கொண்டுவந்து பழைய மெஷினில் போட்டேன். எழுந்த வேகத்தில் விழுந்தது. கட்டுகிற மெஷினின் முழு பலத்தையும் பயன்படுத்திக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்லியிருந்தேன். அது லாப்டாப்பின் பலத்துக்கு எழுதிவைத்ததை நூலகத்துக் கிழட்டு மெஷினால் படிக்கவே முடியவில்லை. சரி, கிழடே தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளட்டும் என்று அதிலேயே ஓட்டினேன். நான்கு ஃபைலை ஒரே நேரத்தில் கொடுத்தேன், மெமரி தீர்ந்து நின்றது. ஒவ்வொன்றாகக் கொடுத்ததும் கட்டியது. காலைப் பூசை முடிந்து தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்கு முடிந்தது.

ஒத்திகை பார்த்தோம். சூசையப்பர் தலையசைத்தார். சேவல் துள்ளிச் சாடியது. ராஜாக்கள் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்தார்கள். பசு வாலை ஆட்டியது, கழுதை உதைத்தது, டீக்காரன் டீ ஆற்றினான். கடைசியாக, பதினாறாவதாக, நட்சத்திரம் மெதுவாகக் கூரைக்கு மேலே ஏறி நின்றது. எல்லாவற்றையும் இழுப்பது ஒரே மாதிரி மோட்டார், பழைய பிரிண்டர்களிலிருந்து அஸ்வதி பிடுங்கியது. எல்லாம் ஒரே மாதிரி, மீன் பிடிக்கும் தங்கூசி நூலில் தொங்கின. மோட்டாருக்குப் பொம்மையைத் தெரியாது. எவ்வளவு சுற்று, எப்போது நில் என்று சொன்னால் செய்யும், அவ்வளவுதான்.

"பெனின் இன்னைக்கு தாடி கட்டுவான்," என்றான் ஷிபின்.

அப்போதுதான் மரியான் வந்தார். கையில் ஒரு வள்ளம், மீன்பிடிப் படகின் பொம்மை. முழங்கை நீளம் இருக்கும். பின்னால் குட்டி எஞ்சின், முன்னால் சிவப்புக் கொடி.

"இது எனக்க வீட்டுக்க வக," என்றார்.

"நல்ல வள்ளம் மாமா," என்றான் ஷிபின்.

"நல்ல வள்ளம்னு எனக்கு தெரியும். ஆடுமா?"

"எது மாமா?"

"குடில்ல வச்சா வள்ளம் ஆடுமான்னு கேக்கேன். ஆடாத வள்ளம் கரையில ஏத்திப் போட்ட வள்ளம். எனக்க வள்ளம் இன்னும் கரையேறல கேட்டியா."

"ஆடும் மாமா. ஜம்முன்னு ஆடும்."

மரியான் போன பிறகு ஷிபின் என்னைப் பார்த்தான். "ஏலே, ஆடும்ல?"

"போர்டுல இருபது வரைக்கும் எடம் இருக்கு," என்றாள் அஸ்வதி. "உங்க புரோகிராமுக்குத்தான் தெரியாது."

அவள் குடிலுக்குள் ஊர்ந்து போய், கடல் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட நீலத் தார்ப்பாய்க்கு மேலே ஒரு கம்பில் மோட்டாரைக் கட்டி வள்ளத்தைத் தொங்கவிட்டாள். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டால் அலையில் ஆடுவது போல இருக்கும். நான் பதினேழாவது பொம்மையைப் பட்டியலில் சேர்த்து ஓட்டினேன். திரையில் ஒரே ஒரு வரி வந்து எல்லாம் நின்றுவிட்டது.

"என்ன சொல்லுது?" என்றான் ஷிபின்.

"பதினேழாவது ஆளுக்கு எடம் இல்லன்னு சொல்லுது. எந்த ஃபைல்ல, எந்த வரியிலன்னும் சொல்லுது."

"அத சொல்லாண்டாம்னு சொல்லு."

"அப்படிச் சொல்ல முடியாது மக்கா. கம்பைலருக்குக் குடுக்குற செட்டிங்ல பதினாறுன்னு இருக்கு. அத பதினேழாக்கி, கட்டுனதெல்லாம் அழிச்சு, முதல்ல இருந்து கட்டணும்."

"அழிச்சா?"

"காலையில ஆரம்பிச்சது சாப்பாட்டுக்குத்தானே முடிஞ்சது."

"அதுக்குள்ள நடுவருமாரு வந்து, பாத்து, கிழக்குத் தெருவுக்கு கப்பும் குடுத்துட்டு போயிருவாவ. ஒன் லாப்டாப் எங்கட்டி?"

"அண்ணன் கல்யாண ஆல்பம் பாக்க இரணியலுக்கு எடுத்துட்டுப் போயாச்சு," என்றாள் அஸ்வதி.

ஷிபின் என் தோளைப் பிடித்தான். "ஒண்ணையும் அழிக்காத. ஓடுறத எவனாவது அழிப்பானா? எந்த ஃபைல் கத்துச்சோ அதுக்க வாயை மட்டும் அடை."

"அண்ணே, எல்லாத்தையும் சேத்துத்தான் கட்டணும்," என்றாள் அஸ்வதி. "பாதிக்கு பதினாறு, பாதிக்கு பதினேழுன்னு கெடந்தா வெளங்காது."

"ஏட்டி, நீ வயரப் பாரு."

அவள் சொன்னது சரி. எனக்குத் தெரியும். செட்டிங்கை மாற்றினால் போதாது, ஏற்கெனவே கட்டிய ஃபைல்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. பழையதைப் பழையபடியே வைத்துக்கொண்டு கம்பைலர் பேசாமல் இருக்கும். ஆனால் காலையிலிருந்து ஷிபின் என் தலைக்கு மேல் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எனக்குள் ஒரு குறுகுறுப்பு. என்னதான் ஆகும், பார்ப்போமே.

செட்டிங்கைப் பதினேழு ஆக்கினேன். கத்திய ஃபைலை மட்டும் திரும்பக் கட்டினேன். டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஓட்டினேன். கத்தவில்லை.

"பாத்தியா," என்றான் ஷிபின். "இதுக்குப் போய் காலேஜ், படிப்பு."

"ஒரு ஒத்திகை பாத்துருவோம்," என்றாள் அஸ்வதி.

பார்த்திருக்கலாம். ஆனால் நடுவர்கள் முதலில் போன கிழக்குத் தெருவில் பெனினின் அம்மா கொடுத்த காப்பி வாயில் வைக்க முடியாமல், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிட்டார்கள். ஜீப் சத்தம் முற்றத்தில் கேட்டது.

நடுவர்கள் மூன்று பேரும் வெளியூர். உள்ளூர்க்காரன் நியாயம் பார்க்கமாட்டான் என்பது பங்குப் பேரவையின் அனுபவம். மூன்று பேரில் பேசுகிறவர் முருகதாஸ் சார், அருமனையில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குடிலுக்கு முன் நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. முன்வரிசையில் நாற்காலி போட்டு மரியான். சற்றுத் தள்ளி லிஜி. நான் சாய்ப்பின் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு பட்டனைத் தட்டினேன்.

சூசையப்பர் அசையவில்லை. அவர் அமைதியானவர் என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. மாதா தலையசைத்தார். அதையும் யாரும் குறை சொல்லவில்லை.

முதல் ராஜா சாடினார்.

பொன் பெட்டியோடு, கிரீடத்தோடு, சேவல் சாடுவது போலத் துள்ளித் துள்ளிச் சாடினார். கூட்டத்தில் ஒரு குழந்தை கைதட்டியது. அடுத்த இரண்டு ராஜாக்களும் ஒழுங்காகக் குனிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பசுவும் மரியாதையாகக் குனிந்தது. கழுதை பின்னங்காலை வால் போல மெல்ல வீசியது. டீக்காரன் கிளாஸ் பிடித்த கையைப் படாரென்று உதறினான். கிளாஸ் தெறித்துப் போய் ஒரு மேய்ப்பனின் நெற்றியில் பட்டது.

"எனக்க கடையில அப்படி நடக்காது," என்று முத்துக்கனி அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது.

பிறகு நட்சத்திரம். அது மேலே ஏறவில்லை. சடாரென்று இறங்கி, சடாரென்று ஏறி, மறுபடி இறங்கியது. விளக்கோடு சேர்ந்து டீ ஆற்றியது.

"இது என்னடே," என்றார் முருகதாஸ் சார்.

கடைசியாக வள்ளம் எழுந்தது. நீலத் தார்ப்பாயை விட்டு, கொடியும் எஞ்சினுமாக, அவசரமே இல்லாமல் எழுந்தது. பசுவைத் தாண்டியது, கூரையைத் தாண்டியது, டீ ஆற்றிக்கொண்டிருந்த நட்சத்திரத்தையும் தாண்டி மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. மரியான் நாற்காலியிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

தீர்ப்பு அங்கேயே வந்தது. கப்பு கிழக்குத் தெருவுக்கு. "சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துது, அதுக்கு நன்றி," என்று எங்களிடம் சொன்னார் முருகதாஸ் சார். "ஆனா இது குடில் போட்டி பாருங்க."

பெனின் தாத்தா வேஷத்தைத் தானே கொண்டுவந்தான், மடித்து, கவரில் போட்டு. "தலகாணி உள்ள இருக்கு. தாடிய தலகீழா கட்டிராத, மச்சினா," என்றான். அந்தி சாய்வதற்குள் ரவுண்ட்ஸ் கிளம்பும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாய்ப்புக்குள் வந்ததும் ஷிபின் என்னைக் காட்டினான். "இவனால தோத்தோம். இவன்தான் ஆடணும்."

"பந்தியில ஒரு இல கூடப் போட்டாச்சு," என்றாள் அஸ்வதி. "இல போட்டவனுக்குத் தெரியும், பரிமாறுறவனுக்கு யாரும் சொல்லல. அவன் பழைய கணக்குல போயிட்டே இருக்கான். எல்லாம் ஒரு இல தள்ளி விழுந்துது. சேவலுக்குள்ளது ராஜாவுக்கு, டீக்காரனுக்குள்ளது நட்சத்திரத்துக்கு, நட்சத்திரத்துக்குள்ளது வள்ளத்துக்கு. முதல் இலையில சூசையப்பர் பட்டினி. எல்லாத்தையும் அழிச்சு கட்டணும்னு நான் சொன்னேன்லா?"

"நீ சொன்ன," என்றார் நேசம்மாள் மாமி. "இவன்தான் அழிக்காதன்னு சொன்னான். நான் இங்கதான் நின்னேன்."

ஷிபின் தாடியைக் கையில் வைத்துக்கொண்டு விறகின்மேல் உட்கார்ந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இல்லை. ஆனால் நாளை ஊர் முழுக்கக் குடில் பார்க்க வரும், ராஜா சாடக்கூடாது. கட்டியதையெல்லாம் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கட்டியது எதுவும் மிச்சமில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கதவில் நிழல் விழுந்தது. மரியான்.

"ஆருடே எனக்க வள்ளத்த மேல ஏத்துனது?"

ஷிபின் விரலை என் பக்கம் நீட்டினான்.

"எத்தன குடில் பாத்தாச்சு," என்றார் மரியான். "கொளச்சல்ல பாத்தாச்சு, முட்டத்துல பாத்தாச்சு. எவன் குடில்லயும் ஒரு வள்ளம் நட்சத்திரத்துக்கு மேல போய் நின்னதில்ல."

ஷிபின் நீட்டிய விரலை மடக்கி, நெஞ்சுக்குக் கொண்டுபோனான். "நாந்தான் மாமா."

"நீயா?"

"என் ஐடியா மாமா. இவன் டைப் மட்டும் அடிச்சான்."

மரியான் அவனை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "வெளையாட்டுப் பயதான். ஆனாலும் ஒரு இது இருக்கு. ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கமாருக்க திருநாளுக்கு எனக்க தங்கச்சி குடும்பம் வருது. அதுவர தெனமும் வள்ளம் இப்படியே ஏறணும். அவிய பாக்கட்டும். பொறவு லிஜி காரியம் பேசலாம்."

"ஏறலன்னா மாமா?" என்று கேட்டது அஸ்வதி.

"ஏறலன்னா என்ன பேச்சு?" என்றார் மரியான். அப்போதுதான் ஷிபினின் கையில் இருந்த தாடியைப் பார்த்தார். "இன்னைக்கு ஆடுதது நீதானா?"

ஷிபினின் முகம் சுருங்கியது. "பந்தயம் மாமா. வேணும்னா நான் பெனின்கிட்ட..."

"வேணும்னா என்ன வேணும்னா? ஊரு முன்னால கைகுடுத்தியா இல்லியா? சொன்னத மாத்துதவனுக்கா பொண்ணு குடுக்க? எனக்க முத்தத்துல வந்து நல்லா சாடி ஆடணும். நான் நாக்காலி போட்டு இருப்பேன்."

அவர் போய்விட்டார். ஷிபின் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"ஏலே. அது மறுபடியும் அப்படியே ஏறும்ல?"

"எது?"

"வள்ளம்."

"எல்லாத்தையும் அழிச்சாச்சு மக்கா."

"எப்ப?"

"இப்பதான். அவரு வாறதுக்கு முன்ன."

"ஓடுறத எவனாவது அழிப்பானா?" என்றாள் அஸ்வதி, அவன் குரலிலேயே. மாமி சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

சரியாகக் கட்டுவது எளிது. செட்டிங்கில் பதினேழு, ஒரே மூச்சில் எல்லா ஃபைலும். அப்படிக் கட்டினால் வள்ளம் தார்ப்பாயில் கிடந்து ஆடும், ஷிபினின் கல்யாணமும் அங்கேயே கிடக்கும். வள்ளம் பறக்க வேண்டுமென்றால் தப்பை அதே வரிசையில் திரும்பச் செய்ய வேண்டும். முதலில் எல்லாவற்றையும் பதினாறுக்குக் கட்டி, பிறகு அந்த ஒரு ஃபைலை மட்டும் பதினேழுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். நான் செட்டிங்கைப் பழையபடி பதினாறு ஆக்கித் தொடங்கினேன். முதல் ஃபைல் ஊர்ந்தது. அஸ்வதி ஃபேனை மெஷினுக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினாள்.

"ராஜா சாடுவாரா?" என்று கேட்டார் மாமி.

"சாடுவார் மாமி. வள்ளம் பறக்கணும்னா ராஜா சாடித்தான் ஆகணும். பங்குச் சாமியாருக்கிட்ட இவனே பேசிக்கிடட்டும்."

வெளியே கிழக்குத் தெருவின் டிரம்ஸ் கேட்டது, நெருங்கிக்கொண்டே வந்தது. ஷிபின் சிவப்பு உடுப்பை மாட்டினான். மாமி தலையணையை உள்ளே திணித்துக் கயிற்றால் இறுக்கினார். அஸ்வதி தாடியைத் தலைகீழாகக் கட்டிவிட்டாள். அவனுக்கு அது தெரியவில்லை. அவன் கண் திரையில்தான் இருந்தது.

"நான் இங்கயே இருந்து இத பாத்துக்கிடுதேன்," என்றான். "நீ ஏதாவது ஒழுங்கா கட்டிப்போடுவ. எனக்கு பயமா இருக்கு. நீ போய் ஆடு மக்கா. தாடிதான் மொகத்த மூடுதே, யாருக்கு தெரியப்போவுது."

"மரியானுக்குத் தெரியும். நான் ஒன்னவிட ஒரு முழம் ஒசரம்."

"குனிஞ்சு ஆடு."

டிரம்ஸ் முற்றத்துக்கு வந்துவிட்டது. பெனின் வெளியிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், கூட்டம் சேர்ந்து கூப்பிட்டது. ஷிபின் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தலையணை வாசலில் சிக்கியது. அஸ்வதி முதுகில் கைவைத்தாள், நான் தலையணையில் கைவைத்தேன். தள்ளினோம். வெளியே ஆரவாரம் எழுந்தது.

"ஏலே, எனக்க சட்டையும் ஃபோனும் உள்ள கெடக்கு," என்றான், திரும்பி உள்ளே வரக் காலை வைத்துக்கொண்டே.

மாமி கதவைச் சாத்தினார். நான் உள்பக்கக் கொண்டியில் பூட்டை மாட்டிப் பூட்டினேன்.